உவர்ப்பாலைச் செடிகளின் வேருக்குள் வாழும் பூஞ்சைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் குஜராத்தின் கட்ச் ரண் எனும் உப்புச் சமவெளியின் ஓரங்களிலும் ராஜஸ்தானின் தார்ப் பாலையிலும் வளரும் உவர்நிலச் செடிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வேரைத் தோண்டுவதில் தொடங்கி, பூஞ்சையைப் பிரித்து, அதை மீண்டும் செடிக்குள் செலுத்திச் சோதிப்பது வரை முதன்முறை இறங்குகிற மாணவர்களுக்கு எழும் சந்தேகங்களே பெரும்பாலும் இதில் உள்ளன.

வேருக்குள் பூஞ்சை இருந்தால் அது நோய்தானே?

இல்லை. வயலில் நன்றாக நிற்கும் செடியின் வேரை எடுத்துப் பார்த்தாலும் உள்ளே பூஞ்சை இருக்கும். வெளியே எந்த நோய்க்குறியும் காட்டாமல் திசுவுக்குள் வாழ்பவற்றையே அகவாழ் பூஞ்சை என்கிறோம். ஆனால் இந்தப் பெயர் அது வாழும் இடத்தை மட்டுமே சொல்கிறது, குணத்தைச் சொல்வதில்லை. ஒரே பூஞ்சை ஒரு செடிக்குத் துணையாகவும் இன்னொன்றுக்கு நோயாகவும் இருக்கலாம். பியூசேரியம் கல்மோரம் கோதுமை, பார்லியின் வேரை அழுகவைக்கும் பூஞ்சை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரை மணற்புல்லில் அதே இனம் அகவாழியாக இருந்து உப்பைத் தாங்க உதவுகிறது என்று 2008இல் ரோட்ரிகஸ் குழுவினர் காட்டினார்கள். உப்பில்லாத இடத்துச் செடியிலிருந்து எடுத்த அதே இனத்தின் வேறொரு வளர்ப்பு (தனியே பிரித்து வளர்த்த பூஞ்சை) அந்த உதவியைச் செய்யவில்லை. அதனால் இனப்பெயரை வைத்து ‘நல்ல பூஞ்சை’ என்றோ ‘கெட்ட பூஞ்சை’ என்றோ முடிவுகட்டக் கூடாது.

எத்தனை வகைகளை எதிர்பார்க்கலாம்?

பெரும்பாலும் மூன்று கூட்டங்கள். முதலாவது, உழவர்கள் ‘வாம்’ என்று அறிந்திருக்கும் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா, அதாவது வேரோடு இணைந்து சத்துப் பரிமாறும் பூஞ்சை. இது உயிருள்ள வேர் இல்லாமல் ஆய்வகத்தின் ஊடகத் தட்டில் வளராது. இரண்டாவது, மெலனின் எனும் கருநிறமி ஏறிய கரும்பழுப்பு இழையும் தெளிவான குறுக்குச் சுவர்களும் கொண்ட கருவிழைப் பூஞ்சைகள். ஆய்வாளர்கள் டிஎஸ்இ என்று சுருக்கிச் சொல்வார்கள். வறண்ட, உவர்ந்த மண்ணில் இவையே அதிகம் கண்ணில் படும். மூன்றாவது, ஆல்டர்னேரியா, பியூசேரியம், அஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், கர்வுலேரியா, கிளாடோஸ்போரியம் போல மண்ணிலும் வேரிலும் எங்கும் கிடைப்பவை.

கட்ச் ரண்ணில் எந்தச் செடியில், எந்தப் பருவத்தில் தேடுவது?

ரண்ணின் நடுப்பகுதி வெறும் உப்புத்தளம், அங்கே செடியே இல்லை. ஓரங்களிலும், பேட் எனப்படும் மேட்டுத் திட்டுகளிலும், பன்னி புல்வெளியிலும்தான் தேட வேண்டும். உமரி இனங்கள் (அங்கே லாணோ), அலூரோபஸ் லாகோபாய்டிஸ் புல், கிரெஸ்ஸா கிரெட்டிகா, உகாய் மரம், சவுக்கைபோல் தோன்றும் டாமரிக்ஸ், சீமைக்கருவேலம் ஆகியவை எளிதில் கிடைக்கும். இவற்றில் உமரி, உகாய், சீமைக்கருவேலம் மூன்றும் வேதாரண்யம் சதுப்பு முதல் ராமநாதபுரம் வரை நம் கடற்கரையிலும் உண்டு. எனவே அங்கே கற்ற முறை இங்கேயும் செல்லும்.

மழைக்காலத்தில் ரண் நீரில் மூழ்கிக் கிடக்கும். நீர் வடிந்து புதுச் சல்லிவேர் ஓடும் அக்டோபர்-நவம்பர் ஒரு முறையும், உப்பு உச்சத்துக்கு ஏறும் ஏப்ரல்-மே ஒரு முறையும் எடுங்கள். ஒரே பருவத்து மாதிரியை வைத்துக்கொண்டு ‘இந்தச் செடியில் இந்தப் பூஞ்சை இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது.

உமரிக் குடும்பத்தில் வாம் வரவே வராது என்கிறார்களே?

அமரந்தேசியில் இப்போது சேர்க்கப்பட்டுள்ள பழைய கீனோபோடியேசி குடும்பத்தை வாம் ஏற்காத குடும்பம் என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. ஆனால் உமரியிலும் அதே குடும்பத்தின் அட்ரிப்ளெக்ஸிலும் வாம் இழைகளும் பைகளும் பல இடங்களில் பதிவாகியுள்ளன. சத்துப் பரிமாற்றம் நடக்கும் கிளைத்த அமைப்பான ஆர்பஸ்குல் மட்டும் அரிதாகவே தென்படும். வேருக்குள் இழை நுழைந்திருப்பதால் மட்டும் அங்கே சத்துப் பரிமாற்றம் நடக்கிறது என்று ஆகாது. வாம் பற்றித்தான் ஆய்வு என்றால் உமரியை விட்டு அலூரோபஸ் போன்ற புல்லைத் தேர்ந்தெடுங்கள்.

வேர் மாதிரியை எப்படி எடுப்பது?

ஒரு இடத்தில் ஒரே இனத்தின் 5 செடிகளாவது வேண்டும், ஒன்றுக்கொன்று 10 மீட்டராவது தள்ளி. மேலே படிந்த உப்புப் படலத்தை வழித்து எறிந்துவிட்டு 10 முதல் 30 செ.மீ. ஆழத்தில் தோண்டுங்கள். 2 மி.மீ.க்கு மேல் பருத்த வேர் உதவாது. நுனியுள்ள சல்லிவேர்தான் வேண்டும். அந்த வேர் நீங்கள் எடுக்கும் செடியுடையதுதானா என்று தண்டுவரை தொடர்ந்து பாருங்கள். பன்னியில் புல்லும் உமரியும் பின்னிக்கொண்டே வளர்வதால் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். மண்ணோடு சேர்த்துக் காகிதப் பையில் இட்டுப் பனிப்பெட்டியில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். பிளாஸ்டிக் உறையை மூடி வண்டியில் வெயிலில் போட்டால் வேர் வெந்து, வேகமாக வளரும் மண்பூஞ்சைகளே மிஞ்சும்.

அதே குழியின் மண்ணில் மின்கடத்துத்திறனும் (உப்பின் அளவைக் காட்டுவது) பி.எச்.சும் பாருங்கள். 4 டெசிசீமென்ஸ்/மீட்டருக்கு மேல் இருந்தால் உவர்மண் என்ற வரையறை, மண்ணைக் குழைத்து எடுத்த செறிவுற்ற சாற்றுக்கு உரியது. 1 பங்கு மண்ணுக்கு 5 பங்கு நீர் கலந்து பார்த்த அளவு அதைவிடப் பலமடங்கு குறைவாக வரும். எந்த முறையில் பார்த்தீர்கள் என்று எழுதாத எண்ணை யாராலும் ஒப்பிட முடியாது.

வேரின் மேற்பரப்பைக் கிருமிநீக்கம் செய்யும் சரியான அளவு என்ன?

எல்லா வேருக்கும் பொருந்தும் ஒரே அளவு இல்லை. கீழே உள்ளதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு நேரத்தைக் கூட்டிக் குறையுங்கள்.

1. ஓடும் குழாய்நீரில் 15 நிமிடம் கழுவி, மென்தூரிகையால் மண்ணை நீக்குங்கள்.
2. 70 சதவீத எத்தனாலில் 30 நொடி முதல் 1 நிமிடம்.
3. 2 சதவீதக் குளோரின் திறனுள்ள சோடியம் ஹைபோகுளோரைட்டில் 2 முதல் 3 நிமிடம். 100 மி.லி.க்கு 2 சொட்டு ட்வீன் 20 எனும் ஈரமூட்டியைச் சேர்த்தால் வேர்மயிர்களுக்கிடையே கரைசல் இறங்கும்.
4. மீண்டும் 70 சதவீத எத்தனாலில் 30 நொடி.
5. கிருமிநீக்கிய நீரில் மூன்று முறை அலசி, கிருமிநீக்கிய வடிதாளில் ஒற்றுங்கள்.
6. கரைசல் உள்ளே ஏறிய இரு முனைகளையும் வெட்டி எறிந்துவிட்டு, மீதியை 5 மி.மீ. துண்டுகளாக்கித் தட்டுக்கு 5 வீதம் வையுங்கள்.

கடையில் 4 சதவீதம் என்று விற்கும் ஹைபோகுளோரைட் திறந்து சில மாதம் ஆனால் அந்தத் திறனில் இருக்காது. பழைய புட்டியை நம்பிச் சம அளவு நீர் கலந்தால் 2 சதவீதம் என்று நீங்கள் எழுதுவது உண்மையில் 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கலாம். மறுபக்கம், முடியளவு மெல்லிய உமரிச் சல்லிவேரை 5 நிமிடம் ஊறவைத்தால் உள்ளிருப்பவையும் செத்துவிடும். தட்டுகள் எல்லாம் வெறுமையாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கிருமிநீக்கம் சரியா என்று அறிய, சுத்தம் செய்த முழு வேரை ஒரு தட்டின் மேல் 5 நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். கடைசி அலசல் நீரில் 100 மைக்ரோலிட்டரை இன்னொரு தட்டில் பரப்புங்கள். இரண்டில் எதில் முளைத்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் தள்ளிவிட வேண்டும். இந்தச் சோதனை இல்லாமல் ‘அகவாழ் பூஞ்சை’ என்ற சொல்லைப் பயன்படுத்துவது நியாயமில்லை.

ஊடகத்தில் உப்பு சேர்க்க வேண்டுமா?

பாதித் தட்டுகளில் சேருங்கள். லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்குச் சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 முதல் 20 கிராம் அகார் என்ற வழக்கமான பிடிஏ (உருளைக்கிழங்கு-டெக்ஸ்ட்ரோஸ்-அகார்) ஊடகத்தில் ஒரு தொகுதியும், அதே ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சோடியம் குளோரைடு சேர்த்து இன்னொரு தொகுதியும் வையுங்கள். உப்புள்ள தட்டில் மட்டும் வருபவை சில உண்டு, உப்பில்லாத தட்டில் மட்டும் வருபவையும் உண்டு. பாக்டீரியாவைத் தடுக்க லிட்டருக்கு 100 மி.கி. குளோராம்பெனிகால் போடலாம், இது ஆட்டோகிளேவ் சூட்டைத் தாங்கும். ஸ்ட்ரெப்டோமைசின் தாங்காது, ஊடகம் 50 டிகிரிக்கு ஆறியபின் கலக்குங்கள்.

மூன்றாம் நாளே தட்டு முழுக்க அஸ்பர்ஜில்லஸ் பரவிவிடுகிறது. என்ன செய்வது?

ஊடகத்தின் சத்தைக் கால்பங்காகக் குறையுங்கள். தட்டுக்கு ஒரே துண்டு வையுங்கள், அல்லது ஒவ்வொரு துண்டையும் தனிக் குழியில் வைக்கும் 24 குழித் தட்டுக்கு மாறுங்கள். 25 முதல் 28 டிகிரியில் வைத்துத் தினமும் பார்த்து, இழை எட்டிப் பார்த்தவுடன் நுனியை வெட்டி வேறு தட்டுக்கு மாற்றுங்கள். கருவிழைப் பூஞ்சைகள் தலைகாட்ட இரண்டு மூன்று வாரம்கூட எடுக்கும். பத்தாம் நாளில் தட்டைத் தூக்கிப் போடுபவர்களுக்கு அவை கிடைப்பதே இல்லை. ஓரத்தைப் படலத்தால் ஒட்டி 6 வாரம் வைத்திருங்கள்.

அஸ்பர்ஜில்லஸ் என்றாலே வெளியிலிருந்து வந்த அசுத்தம் என்றும் ஒதுக்கிவிடாதீர்கள். நியூ மெக்சிகோவின் ஜோர்னாடா பாலையில் அட்ரிப்ளெக்ஸ் கேனசென்ஸ் செடியின் வேரில் அஸ்பர்ஜில்லஸ் உஸ்டஸ் வாழ்வதையும், கரையாத பாஸ்பேட்டிலிருந்து செடிக்குப் பாஸ்பரஸ் கிடைக்க அது உதவுவதையும் பாரோவும் ஒசுனாவும் 2002இல் எழுதியிருக்கிறார்கள்.

வேருக்குள் இருப்பதை நேரில் பார்க்க எந்தச் சாயம்?

வேரை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 90 டிகிரியில் வையுங்கள். உமரியின் இளவேருக்கு 10 நிமிடம் போதும், உகாய்க்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அலசி, 2 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் வைத்த பிறகு சாயம். டிரிபான் நீலம் புற்றுநோய் ஐயம் உள்ள பொருள். அதற்குப் பதில் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தில் (சாதாரண வினிகரின் செறிவு) 5 சதவீதப் பேனா மை கலந்து 3 நிமிடம் கொதிக்கவைத்தாலே வாம் இழை தெளிவாகத் தெரியும். நிறநீக்கம் செய்ய, சில சொட்டு வினிகர் விட்ட நீர் போதும்.

கருவிழைக்குச் சாயமே தேவையில்லை. 400 மடங்கு உருப்பெருக்கத்தில் புறணிச் செல்களின் சுவரை ஒட்டிப் பழுப்பு இழை நேராக ஓடும், சீரான இடைவெளியில் குறுக்குச் சுவர் தெரியும். சில செல்கள் முழுவதும் உருண்டை உருண்டையான கரும் செல்களால் அடைபட்டிருக்கும். அதுதான் நுண்கட்டி எனப்படும் மைக்ரோஸ்கிளிரோஷியா. அதைச் சுற்றியுள்ள வேர்ச்செல்கள் உருக்குலையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள், சிதைந்திருந்தால் நோயை எண்ண வேண்டும். இந்தப் பூஞ்சைகளின் நிறமற்ற இளம் இழைகள் டிரிபான் நீலத்தைச் சரியாக ஏற்பதில்லை. கொழுப்பைக் காட்டும் சூடான் 4 சாயத்தில்தான் அவை வெளிப்படும். டிரிபான் மட்டும் போட்டு எண்ணினால் அளவு குறைவாகவே வரும்.

எண்ணும்போது 1 செ.மீ. வேர்த்துண்டுகளை இணையாக அடுக்கி, 200 மடங்கில், நுண்ணோக்கியின் கண்வில்லைக் கோடு வேரை வெட்டும் 100 சந்திப்புகளையாவது பாருங்கள்.

தட்டில் வித்தே விடாத பூஞ்சையை எப்படி அடையாளம் காண்பது?

பூஞ்சைகளை அடையாளம் காணப் பயன்படும் ஐடிஎஸ் எனும் டிஎன்ஏ பகுதியை ஐடிஎஸ்1எஃப், ஐடிஎஸ்4 தொடக்கிகளால் பெருக்கி வரிசை எடுப்பதுதான் முதல் படி. பேரினம் வரை அது கொண்டுபோகும். பியூசேரியத்துக்கு டிஇஎஃப்1 ஆல்பா, அஸ்பர்ஜில்லஸுக்குக் கால்மோடுலின் என்று இரண்டாவது மரபணுவும் பார்க்காமல் இனப்பெயர் எழுதாதீர்கள். கருநிறப் பூஞ்சையில் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் மெலனின்தான் காரணம்: டிஎன்ஏவை 10 முதல் 50 மடங்கு நீர்த்துப் பாருங்கள், அல்லது கலவையில் பிஎஸ்ஏ எனும் புரதத்தைச் சேருங்கள். நிறம் ஏறுவதற்கு முன், 4 முதல் 6 நாள் திரவ வளர்ப்பிலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லையே குறையும்.

பூஞ்சை எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று எப்படிச் சோதிப்பது?

0, 0.5, 1, 1.5 மோலார் அளவில் சோடியம் குளோரைடு சேருங்கள். லிட்டருக்கு 0, 29.2, 58.4, 87.7 கிராம். 5 மி.மீ. வளர்ப்புத் துண்டை நடுவில் வைத்து, விட்டத்தை இரு திசையில் அளந்து சராசரி எடுங்கள். கடல்நீரின் மொத்த உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்பதை ஒப்பீட்டுக்கு நினைவில் கொள்ளலாம். அதே அளவு நீர் ஈர்ப்பு தரும், ஆனால் சோடியம் இல்லாத சார்பிட்டால் தட்டும் ஒரு வரிசை வையுங்கள். சார்பிட்டாலில் வளர்ந்து உப்பில் வளரவில்லை என்றால் தடை சோடியம் நஞ்சால் வருகிறது; இரண்டிலும் நின்றுபோனால் நீர்ப் பற்றாக்குறையால்.

பூஞ்சை உப்பைத் தாங்கினால் செடியும் தாங்குமா?

தாங்கும் என்று சொல்ல முடியாது. பூஞ்சை தன்னைக் காக்கச் செல்லுக்குள் கிளிசரால் சேர்க்கிறது, சோடியத்தை வெளியே தள்ளுகிறது. அது அதன் சொந்தப் பிழைப்பு. செடிக்கு உதவி வருவது வேறு வழிகளில்: சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் கால்சியத்தோடு பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்துக் கொடுப்பது, இலையில் பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்குமான விகிதம் குலையாமல் பார்ப்பது, செடியின் ஆக்சிஜன் நச்சை முறிக்கும் நொதிகளைத் தூண்டுவது, ஐஏஏ எனும் வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து வேரைக் கிளைக்கவிடுவது. தட்டில் 1.5 மோலாரில் செழிக்கும் பூஞ்சை தொட்டியில் ஒன்றும் செய்யாமல் போகலாம். தட்டில் சுமாராக இருந்தது தொட்டியில் வேலை செய்யலாம். அதனால் தட்டுச் சோதனையோடு நிறுத்தும் ஆய்வு பாதியில் நின்ற ஆய்வு என்பதே எங்கள் கருத்து.

தொட்டிச் சோதனையை எப்படி அமைப்பது?

சோளத்தை இரவு ஊறவைத்து, அரைவேக்காடாக வேகவைத்து, நீர் வடித்து, குடுவைக்கு 100 கிராம் வீதம் அடுத்தடுத்த இரண்டு நாள் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். 4 வளர்ப்புத் துண்டுகளைப் போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை குலுக்கிவிட்டு 2 முதல் 3 வாரம் வளர்த்தால் இடுபொருள் தயார். மணலும் மண்ணும் கலந்த தொட்டிக் கலவையை இரண்டு முறை கிருமிநீக்கி, 10 முதல் 14 நாள் ஆறப் போடுங்கள். சூட்டில் வெளியேறும் மாங்கனீசும் அமோனியமும் நாற்றைக் கருக்கும். பூஞ்சையின் மேல் பழி போடும் பல சோதனைகளில் உண்மைக் காரணம் அதுதான். எடையில் 1 சதவீதம் இடுபொருள் கலக்குங்கள். கட்டுப்பாட்டுத் தொட்டியிலும் அதே அளவு இடுபொருள், ஆனால் ஆட்டோகிளேவ் செய்து கொன்றது, போட வேண்டும். இல்லையென்றால் சோளம் கொடுத்த சத்தைப் பூஞ்சையின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

பூஞ்சை உண்டு அல்லது இல்லை, உப்பு உண்டு அல்லது இல்லை என்ற நான்கு பிரிவிலும் 8 முதல் 10 தொட்டிகள். உப்பை ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு நாளுக்கு 50 மில்லிமோலார் என்று ஏற்றுங்கள். 100 மில்லிமோலார் என்பது லிட்டருக்கு 5.84 கிராம். அடியில் வடிகால் இருக்க வேண்டும், வடிநீரின் மின்கடத்துத்திறனை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். நீர் ஆவியாக ஆவியாக உப்பு தங்கிவிடுவதால், 100 மில்லிமோலார் ஊற்றிய தொட்டி சில வாரங்களில் அதைவிட அதிகமாகப் போய்விடலாம்.

செடி உமரியானால் இன்னும் இரண்டு சிக்கல்கள். உமரி மிதமான உப்பில்தான் நன்றாக வளரும். உப்பே இல்லாத தொட்டி அதற்கு வசதியான இடம் அல்ல. ஆகவே 0, 100, 200, 400 மில்லிமோலார் என்று படிப்படியாக வையுங்கள். அடுத்தது எடை. உமரி இலை உப்பைச் சேர்த்து வைப்பதால் உலர் எடையில் பெரும்பங்கு உப்பாகவே இருக்கும். 70 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்தி நிறுத்தபின், ஒரு பகுதியை 550 டிகிரி உலையில் சாம்பலாக்கி, சாம்பல் எடையைக் கழித்துச் சொல்லுங்கள். கழிக்காத எடையில் ‘வளர்ச்சி கூடியது’ என்பது உப்பு கூடியதாகவும் இருக்கலாம்.

இறுதியில் தொட்டி வேரிலிருந்து அதே பூஞ்சையை மீண்டும் பிரித்தெடுக்க வேண்டும். வேருக்குள் அது இல்லையென்றால் கண்ட பயனை அதன் பேரில் எழுத முடியாது.

செரண்டிபிட்டா இண்டிகா பற்றிச் சொல்லுங்கள். அதுவும் பாலையிலிருந்து வந்ததுதானே?

ஆம். தார்ப் பாலை மணலில் சீமைக்கருவேலம், காட்டிலந்தை வேர்ப்பகுதியிலிருந்து அஜித் வர்மாவின் குழு பிரித்தெடுத்து, 1998இல் பிரிபார்மோஸ்போரா இண்டிகா என்று பெயரிட்டது. 2016இல் செரண்டிபிட்டா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பேரிக்காய் வடிவத் தடித்த சுவர் வித்துகள் இதன் அடையாளம். வாம் செய்யும் வேலைகளில் பலவற்றைச் செய்தாலும் செடியில்லாமல் தட்டிலேயே வளரும், அதுதான் இதன் பெரிய வசதி. 2005இல் வாலர் குழுவினர் பார்லியில் இதைச் செலுத்தி, உப்பைத் தாங்கும் திறன் கூடியதையும் பியூசேரியம் கல்மோரம் வேரழுகல் குறைந்ததையும் காட்டினார்கள். அளவு கூடினால் இதுவே நாற்றைக் குன்றவைக்கும் என்பதால் 1 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள்.

பிரித்தெடுத்த பூஞ்சையை நேராக உவர் வயலில் போடலாமா?

வேண்டாம். ஆல்டர்னேரியா, பியூசேரியம், அஸ்பர்ஜில்லஸ் மூன்றிலும் நச்சுப்பொருள் சுரப்பவை உண்டு. பக்கத்து வயல் பயிருக்கு நோயாகவும் மாறலாம். குறைந்தது உள்ளூர்ப் பயிர்கள் நான்கைந்தில் நோய்ச் சோதனையும், நச்சுச் சோதனையும் முடிந்த பிறகே வயல் பற்றிப் பேச வேண்டும். நிலம் உவரா, களரா என்பதையும் முதலில் பாருங்கள். பி.எச். 8.5க்கு மேல், சோடியம் மிகுந்து, மண் இறுகிப்போன களருக்கு ஜிப்சமும் வடிகாலும்தான் மருந்து. உவருக்கு நல்ல நீரால் கழுவி வடிப்பது. இந்த வேலையைச் செய்யாமல் எந்தப் பூஞ்சையும் நிலத்தைத் திருத்தாது.

மாதிரி எடுக்க அனுமதி வேண்டுமா?

சிறிய ரண்ணில் காட்டுக்கழுதைச் சரணாலயமும் பெரிய ரண்ணில் கட்ச் பாலைச் சரணாலயமும் இருப்பதால் குஜராத் வனத்துறையின் எழுத்து அனுமதி தேவை. எல்லையோரப் பகுதிகளுக்குத் தனி அனுமதியும் உண்டு. வெளிநாட்டு ஆய்வாளர் கூட்டு இருந்தால், 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வளர்ப்புகளைப் புனேயின் தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேமிப்பகத்திலோ சண்டிகரின் எம்டிசிசி நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலோ வைப்புச் செய்து எண் பெறலாம். உங்களிடம் ஒரு படி வைத்துக்கொள்ள, 5 முதல் 8 வளர்ப்புத் துண்டுகளைக் கிருமிநீக்கிய நீர்க்குப்பியில் இட்டு 4 டிகிரியில் வைப்பதே எளிய வழி.